உப்புக்குப் பழகும் மீன்

"கோல்ட் ஃபிஷ்னாதான் செத்துடும். மோலி பழகிக்கும், குழலி. கொஞ்சங் கொஞ்சமா உப்பு ஏத்துனா அதுக்கே தெரியாது."

"அதுவே வந்து உங்ககிட்ட சொல்லிச்சாக்கும்?"

ரூபன் சிரித்தபடி குவளையில் கடலுப்பைக் கலக்கினான். கடல்மீன் வளர்ப்பது அவனது நெடுநாள் ஆசை. அந்தக் கறுப்பு மோலியோ, மணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது குழலி தண்ணீர்ப் பையில் போட்டு மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. அவளுக்காகத்தான் அவன் அதைக் கடையில் கொடுத்துவிடாமல், தினமும் ஒரு குவளையாகத் தொட்டியைக் கடலாக்கிக்கொண்டிருந்தான்.

இன்று மோலி இரையைத் தொடவில்லை. நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சொல்ல வந்ததை இந்த வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று அது தேடுவதுபோல் குழலிக்குத் தோன்றியது.

ரூபன் குவளையைத் தூக்கினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் ஊத்தாம இருங்களேன்."