இம்புட்டுச் செவ்வாய்

மச்சுத் தளத்தில் வெயிலின் சூடு இன்னும் இருக்கிறது. தாமிரபரணிக் கரை மருதமரங்களுக்கு மேல் செவ்வாய் எழுகிறது. பத்து வருடங்களுக்கு முன் செவ்வாய் தோஷம் என்று பிரம்மநாயகியை வேண்டாமென்றுவிட்டு அவள் தங்கை வடிவைக் கட்டிக்கொண்டவன் அம்பலவாணன். மதராஸில் வாங்கிவந்த இரட்டைக்குழல் தூரக்கண்ணாடியை இப்போது பிரம்மநாயகியிடமே நீட்டுகிறான். இன்றுவரை கல்யாணமாகாத அவள் அதைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறாள். சிவப்பாக ஒரு சின்னப் பொட்டு தெரிகிறது.

“இம்புட்டுதானா?”

“இம்புட்டுதான் மதினி. தோஷத்தையெல்லாம் நான் எங்க நம்புனேன்? எனக்கு வடிவைப் புடிச்சிருந்துச்சு. ஒரு சாக்கு வேணும்லா?”

வடிவு வளையல்கள் குலுங்க வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். பிரம்மநாயகி கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

“இது ஏன் ஆடுது?”

“கை நடுங்குனா ஆடத்தான் செய்யும். இறுக்கிப் பிடிங்க.”