பையோடு வீடு பார்க்க வந்தவர்

வாசல் மணி அடித்தால் வீரனும் சூரனும் கட்டிலுக்கு அடியில் பதுங்கிவிடுவார்கள். இருவரும் பூனைகள். பெயர் வைக்கும்போது அவர்களோடு யாரும் கலந்து பேசவில்லை.

மிக்ஸி ஓடினால் பயம். குடை விரித்தால் பயம். வீட்டுக்காரர் தும்மினால் அரை நாளுக்குச் சாப்பாடு இறங்காது. பயம் முற்றினால் சூரன் மெல்ல வெளியே வந்து, விருந்தாளியின் செருப்பைத் தேடிப் பிடித்து நனைத்துவிட்டுப் போவான். வீடு பார்க்க வந்த வங்கி மேலாளர் ஒருவர் அப்படித்தான் வெறுங்காலோடு திரும்பினார். அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல். இந்த வீடு விலை போனால்தான் அங்கே குடும்பத்தோடு ஒரு வீடு. இல்லாவிட்டால் அவர் மட்டும் போய் விடுதியில் கிடக்க வேண்டும்.

"பூனைங்களை எங்கயாவது அனுப்பிடுங்க சார். பூனை வாடை அடிக்கிற வீட்டை எவன் வாங்குவான்?" என்றார் தரகர்.

"முதல்ல உங்களை அனுப்பறேன்" என்றாள் வீட்டுக்காரி.

தரகர் பேச்சை மாற்றினார். "இன்னொண்ணு. வீடு பாக்கறேன்னு வந்து பீரோவைப் பாத்துட்டுப் போற கும்பல் ஒண்ணு திரியுதாம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு இருங்க."

எச்சரித்தவரே அன்று ஓர் ஆசாமியை அழைத்து வந்தார். வயிற்று வலிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொள்வதுபோல், ஆசாமி ஒரு பெரிய பையைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"பையை இப்படி வைங்களேன்."

"இருக்கட்டும்மா. பழகிடுச்சு."

வீடு பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகச் சுவரைத் தட்டுவார்கள், விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். இவர் ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கொக்கியை இழுத்துப் பார்த்தார். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அளந்தார். பால்கனிக் கதவு சரியாகச் சாத்திக்கொள்கிறதா என்று சாத்திச் சாத்திப் பார்த்தார்.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி பீரோ இருந்த திசையைப் பார்த்தாள்.

"பகல்ல வீட்ல ஆள் இருப்பீங்களா?"

"நிறையப் பேர் இருப்போம்" என்றார் வீட்டுக்காரர், இல்லாதவர்களையும் சேர்த்து.

சமையலறை மூலையில் இருந்த பால் கிண்ணங்களில் ஆசாமியின் கண் விழுந்தது. "பூனை இருக்கா?"

தரகருக்கு இருமல் வந்துவிட்டது. "அது... எலித் தொல்லைக்கு எப்பவோ..."

"ரெண்டு இருக்கு" என்றாள் வீட்டுக்காரி.

"வெளியே விடுவீங்களா?"

"வாசப்படி தாண்டினதில்ல."

"புது ஆள் வந்தா கத்துமா?"

"மூச்சு விடாதுங்க. பயந்து செத்துரும்."

"ஊர் மாறிப் போறப்ப இதுங்களை என்ன பண்ணுவீங்க?"

"கூடவேதான் கூட்டிட்டுப் போவோம். புள்ளைங்களை யாராவது விட்டுட்டுப் போவாங்களா?"

ஆசாமி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். "தூசி" என்றார்.

நாயைப் பற்றித் துப்பு விசாரிக்கிற திருடனை வீட்டுக்காரர் கேள்விப்பட்டிருந்தார். பூனையைப் பற்றி விசாரிக்கிற திருடன் புதுசு.

"தண்ணி வர்ற வேகத்தைப் பாத்துடலாமா? சார் மொட்டை மாடிக் குழாயைத் திறங்க. அம்மா சமையலறையில திறந்து வைங்க. நான் பாத்ரூம்ல பாத்துக்கறேன்" என்றார் ஆசாமி.

நியாயமாகத்தான் பட்டது. தரகருக்கு வேறு போன் வந்து வாசலுக்குப் போய்விட்டார். மாடியில் குழாயைத் திருகும்போதுதான் வீட்டுக்காரருக்கு உறைத்தது: பாத்ரூமுக்குப் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும். பீரோ இருப்பதும் அங்கேதான்.

குழாயை அப்படியே விட்டுவிட்டுத் தாவித் தாவி இறங்கினார். ஆசாமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார்.

"மனசு நிறைஞ்சிருக்கு சார். இப்படி ஒரு இடத்துலதான் குடுக்கணும்னு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "விலை குடுக்கணும்னு சொல்ல வந்தேன்."

"ஒரு நிமிஷம். அந்தப் பையைக் கொஞ்சம் திறங்க."

"சார்! படிஞ்சு வர்ற பார்ட்டியைப் போய்..." என்று ஓடி வந்தார் தரகர்.

ஆசாமி மறுபேச்சுப் பேசாமல் திறந்து காட்டினார். உள்ளே மடித்துப் போட்ட பழைய துண்டு ஒன்று. வேறு ஒரு குண்டூசிகூட இல்லை.

வீட்டுக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க."

"நீங்கதான் சார் என்னைத் தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு அவர் மடமடவென்று படியிறங்கினார். "நாளைக்கே முடிச்சுடறேன் பாருங்க" என்று தரகரும் பின்னாலேயே ஓடினார்.

பீரோ பூட்டு அசையவில்லை. நகை இருந்தது. லேப்டாப் இருந்தது. மேசைமேல் கழற்றி வைத்த கடிகாரம்கூட அதே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"வீடு வாங்க வந்த மகராசன். அவரைப் போய்த் திருடன் மாதிரி சோதனை போட்டுட்டீங்களே! ஒண்ணுகூடக் குறையலை" என்று இடித்தபடி வீட்டுக்காரி கட்டிலருகே குப்புறப் படுத்தாள். "வீரா, சூரா, வாங்கடா. அவர் போயிட்டாரு."

யாரும் வரவில்லை. மொபைல் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள். பார்த்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"என்னங்க, நம்மகிட்ட இருக்கறது ரெண்டு பூனைதானே?"

கட்டிலுக்கு அடியில் ஆறு கண்கள் மின்னின.