அனுப்பி வைத்தவள்

"அவளைப் புருஷன் வீட்டுக்கே அனுப்பிடுங்க. இதுல பேச்சே கிடையாது" என்றார் பெரியவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களும் சொல்லி வைத்தாற்போல் தலையாட்டினார்கள்.

அந்த அறையில் இருந்த ஒரே பெண் மட்டும் மல்லுக்கு நின்றாள். கை நீட்டி அடிக்கிறவனிடம் எந்த முகத்தோடு திரும்பிப் போவாள், அவள்பாட்டுக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டு நிம்மதியாகத்தானே இருக்கிறாள் என்று கேட்டாள்.

"அவ நிம்மதியா இருந்தா யாரு டிவி பாப்பாங்க?"

பெரியவர் சேனலின் நிகழ்ச்சித் தலைவர். தலையாட்டிய இருவரில் ஒருவர் தயாரிப்பாளர், இன்னொருவர் இயக்குநர். மல்லுக்கு நின்றவள் அந்தத் தொடருக்கு வசனம் எழுதுகிறவள். நாயகி என்றைக்குப் புருஷன் வீட்டை விட்டு வெளியேறினாளோ அன்றைக்கே ரேட்டிங் படுத்துவிட்டது. குடும்பத்தைக் கெடுக்கிற நாடகம் என்று ஃபேஸ்புக்கில் கழுவி ஊற்றியவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பதுதான் கொடுமை.

"பொம்பளைன்னா பொறுத்துப் போகணும். சனங்க அதைத்தான் பாக்குறாங்க. உங்களுக்கு எழுத வரலைன்னா சொல்லுங்க, வேற ஆள் எழுதட்டும்."

வசனம் எழுதுகிறவள் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். புருஷனிடம் அடிபட்டு வந்து சன்னலோரக் கட்டிலில் முடங்கிக் கிடந்த மகள், இப்போதுதான் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். இந்த வேலையும் போனால் அம்மாவும் மகளும் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். மகளை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமானால், நாயகியை அனுப்பித்தான் ஆக வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். நாயகியின் அம்மா பேசுகிற இடத்தில் மட்டும் வசனம் வருவேனா என்று அடம்பிடித்தது. வேறு வழியில்லாமல் தன் வீட்டையே அப்படியே எடுத்து வைத்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா இந்தச் சன்னலோரக் கட்டில்ல கிடப்ப? எனக்கப்புறம் உனக்கு யாரு இருக்கா? உன் வீடு அதுதான்" என்று அந்த அம்மா அழுதாள். அதைப் படித்த இயக்குநருக்கே கண் கலங்கிவிட்டது.

வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆபீஸ் அசிங்கத்தை வீட்டுக்குள் எதற்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தாள். மகளும் எதையும் கேட்கிறவள் இல்லை. அம்மா எழுதுகிற தொடர் என்று ஒரு நாள் விடாமல் பார்ப்பாள், அவ்வளவுதான்.

காட்சி ஒளிபரப்பான மறுநாள் நிகழ்ச்சித் தலைவர் அவளைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். அந்த அம்மா அழுவதை ஊரே ஃபோனுக்கு ஃபோன் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீண்டது. இனி மகளைப் பற்றிய கவலை விட்டது என்று வீட்டு மாடிப்படிகளைச் சின்னப் பெண்போல் தாவி ஏறினாள்.

எதிரே பெட்டியோடு மருமகன் இறங்கி வந்தான்.

"நான் கூப்பிடலை அத்தை. அவளாத்தான் ஃபோன் பண்ணினா" என்றான். குரலில் பெருமை வழிந்தது.

பின்னால் வந்த மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அழவும் இல்லை.

"டிவியில சொன்னதை என்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கலாமேம்மா."