லைசென்ஸில் இரண்டாவது பெயர்

"துரோகி வைரக்கண்ணுவைச் சங்கத்திலிருந்து நீக்குவது" என்று தீர்மானத்தை எழுதி முடித்தான் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் சாமிதுரை. 'துரோகி'க்கு அடியில் அழுத்தமாக இரண்டு கோடு போட்டான்.

பின்னே? கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டுத் தெருவே ஒன்றாக நிற்கிறது. இவன் மட்டும் பண்ணையார் சிங்காரவேலுவின் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் பின்னால் நடக்கிறான்.

குழல் வழியாகக் கரிமருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. பயிர்க் காவலுக்கென்று சர்க்கார் கொடுத்த லைசென்ஸ். அதில் முதல் பெயர் பண்ணையார். துப்பாக்கியைத் தூக்கி வரும் ஆள் என்று இரண்டாவது பெயர் வைரக்கண்ணு. மூன்றாவது ஆள் தொட்டால் ஜெயில். பண்ணையாரோ மருந்தைத் தொட்டுக் கையைக் கறுப்பாக்கிக்கொள்ள மாட்டார். போன வாரம்கூட டமார் டமார் என்று இரண்டு கொக்கைச் சாய்த்தார். கெட்டித்துக் கொடுத்தது இவன்தான்.

சாமிதுரை நேரிலேயே போய்க் கேட்டான்.

"ஏன்டா, நம்ம சனத்தைச் சுடறதுக்கு நீயே மருந்து கெட்டிச்சுக் குடுப்பியா?"

வைரக்கண்ணு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே சொன்னான். "என்னைச் சங்கத்தை விட்டு நீக்கிக்குங்கண்ணே. துப்பாக்கியைப் பறிக்கச் சொல்லி மட்டும் மனுப் போட்டுடாதீங்க."

சாமிதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே ஸ்டேஷனில் மனுவைக் கொடுத்தான். புது ஆட்சி வந்தாச்சு, ஏழை சொல் எடுபடும் என்று ஒரு தைரியம்.

சம்பா அறுப்பு அன்று களத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"அரை மரக்கால் ஏத்தாம அருவா வயல்ல எறங்காது" என்றான் சாமிதுரை.

"எறங்காதா?"

பண்ணையார் துப்பாக்கியை வாங்கினார். சாமிதுரையின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். விசையை இழுத்தும்விட்டார்.

மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மட்டும் 'டப்' என்றது.

சாமிதுரை மெல்லக் கண்ணைத் திறந்து தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். முழுசாக இருந்தது.

"தை மாசப் பனிங்கய்யா. மருந்து நமுத்துப் போச்சு" என்றான் வைரக்கண்ணு, தரையைப் பார்த்தபடி.

மனுவை விசாரிக்க வேண்டிய சப்-இன்ஸ்பெக்டர் சாவகாசமாக வந்து சேர்ந்தார். பண்ணையார் வீட்டு இளநீரைக் குடித்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"ஆள் மேல நீட்டினது தப்புதான். ஆனா வெடிக்கலியே? கேஸ் எப்படி நிக்கும்?"

துப்பாக்கியைக் கவிழ்த்து, தக்கையை நெண்டி எடுத்தார். ரவையும் கறுப்புத் தூளும் சாமிதுரையின் உள்ளங்கையில் கொட்டின.

"நீயே பாரு, நமுத்துப் போன மருந்து. வேணும்னா உன் மனுப்படி துப்பாக்கியை ஜப்தி பண்றேன்."

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் பண்ணையார். "தோட்டா துப்பாக்கிக்கு எழுதிப் போடறேன். அதுக்கு மருந்து கெட்டிக்க ஆளே வேண்டாம்."

சாமிதுரை தூளை விரலால் தேய்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். கந்தக வாசமே இல்லை. கையை இறுக மூடிக்கொண்டான்.

"வேணாங்க. மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்."

"பயந்துட்டான்!" பண்ணையார் வயிறு குலுங்கச் சிரித்தார். சாமிதுரையின் மனைவி ராமாயியே, "வெக்கமா இல்ல?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் வாய்க்கால் கரையில் வைரக்கண்ணுவைப் பிடித்தான் சாமிதுரை.

"எத்தனை வருஷமாடா?"

"லைசென்ஸ்ல எம்பேரு ஏறினதுலேருந்துண்ணே. கொக்கு சுடப் போனா நெச மருந்து. நம்ம தெருப் பக்கம் திரும்பினா இது."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க என்னைத் திட்டறது மெய்யா இருந்திருக்காதே."

சாமிதுரை மடியிலிருந்த தீர்மானத்தை எடுத்துக் கிழிக்கப் போனான். வைரக்கண்ணு அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கிழிக்காதீங்க. நாளைக்கே நிறைவேத்துங்க. நீங்க துரோகின்னு சொன்னாத்தான் அவரு என்னை நம்புவாரு. இல்லேன்னா ரெண்டாவது பேரை மாத்திடுவாரு."

மறுநாள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முதலில் உயர்ந்தது சாமிதுரையின் கை.

உள்ளங்கையில் அப்பியிருந்த கறுப்பைப் பார்த்து, "பல்லு வெளக்கின கையைக்கூடக் கழுவல" என்று முணுமுணுத்தாள் ராமாயி.

அவள் சொன்னதிலும் பாதி உண்மை. நேற்றுத் துப்பாக்கியிலிருந்து கொட்டியதும் பல் விளக்கும் அதே உமிக்கரிதான்.