கோபுரத்தடியில் ஒருத்தி

பட்டம் வாங்குமுன் ஊர் நடுவிலுள்ள பழைய கோபுரத்தில் ஏறினால் படிப்பு முடியாது என்பது இத்தாலியில் எங்கள் போலோன்யா நகர மாணவர்களின் நம்பிக்கை. என் மகள் ஒர்னெல்லா ஏறியதே இல்லை. கடைசிப் பரீட்சைக்கு முன்பே அவளைப் புதைத்தோம்.

நான் சுற்றுலா வழிகாட்டி. கோபுர உச்சியில் பயணிகள் அடிக்கடி என்னிடம் சொல்வார்கள்: "கீழ ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு. கூப்பிட்டா, 'பரீட்சை முடியட்டும்'னு சிரிக்குது."

இறங்கிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். தான் இறந்துவிட்டது அவளுக்கு இன்னும் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று ஒருவர் மூச்சிரைக்க உச்சிக்கு வந்தார். "அந்தப் பொண்ணு எங்க கூடவே ஏறிச்சே! 'இனிமே ஏறினா என்ன'ன்னு சொல்லிச்சு."

எனக்குப் பின்னால் மரப்படியில் காலடிச் சத்தம் நின்றது.

"நம்ம வீடு எங்கப்பா?"

திரும்பாமலே கையை நீட்டிக் காட்டினேன்.