மீதி மருந்து

குதிரையின் கருப்பையில் மறுபடியும் சீழ் வைத்திருந்தது.

"போன தடவை பென்சிலின் ஊசியை முழுசாப் போட்டீங்களா?" என்று கேட்டார் கால்நடை டாக்டர்.

பக்கிரி தலைகுனிந்தான். "பாதிதான் ஐயா."

"பொழச்ச கிருமி மருந்துக்குப் பழகிடுச்சு. இனிமே கேக்காது. குட்டியும் தங்காது."

டாக்டர் போனதும் பக்கிரியின் மனைவி கலியம்மாள் வெடித்தாள். அந்தக் குதிரையைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் அவள்.

"மீதிய இன்னாய்யா பண்ண? எவளுக்குக் குடுத்த? அந்த மகராசி வயித்துலயும் ஒண்ணும் தங்காமப் போவட்டும்!"

பக்கிரி பாய்ந்து வாயைப் பொத்துவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

"அய்யோ, சபிக்காதடி! பிரெஞ்சுக்காரன் நம்ம ஊர விட்டுப் போன சமயம் நம்ம புள்ள செத்துப் பொறந்து, நீ சுரத்துல நெனவில்லாம கெடந்த. ஆஸ்பத்திரியில மருந்து இல்ல. அந்த மீதிய உனக்குத்தான்டி போடச் சொன்னேன்."

கலியம்மாளின் கை வயிற்றுக்குப் போனது.

நாள் தள்ளிப்போயிருப்பதை அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.