சாயாத கைகள்

“மார்ச் 12. இடது கையை ஒரே மூச்சில் பற்றவைத்துவிட்டேன். சூட்டில் வளைந்துவிட்டது. தவறு என்னுடையதுதான்.”

வெல்டிங் மாலை வகுப்பு நோட்டில் இதை எழுதிவிட்டுத்தான், பழைய செயின் டிராக்டரின் மண் அள்ளும் பக்கெட்டைத் தூக்கும் இரண்டு இரும்புக் கைகளையும் பிலோமினா மறுபடி அறுத்தாள். அவள் தனியாக ஏற்ற முதல் வேலை அது.

“விட்டுடும்மா. சாயங்காலம் காயலாங்கடை லாரி வருது,” என்றார் டிராக்டரின் சொந்தக்காரர் பொன்னுரங்கம்.

“வந்து நிக்கட்டும்ண்ணே.”

இம்முறை இரு கைகளின் துளைகளும் நேர்கோட்டில் நிற்க, அவற்றில் நீளமான ஒரே இரும்புத் தண்டைச் செருகி, இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை என்று ஆறவிட்டுப் பற்றவைத்தாள். மூன்று முறை அளந்தும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

லாரி வந்து நின்றபோது, கைகளைப் பூட்டும் நான்கு இரும்புப் பின்களும் சுத்தியல் படாமல் கையாலேயே உள்ளே போயின. பொன்னுரங்கம் தன் டீ கிளாஸைப் பக்கெட்டின் விளிம்பில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். கைகள் உயர்ந்தன. பட்டறைக் கூரைக்கு மேலே, வானத்தில், ஒரு சொட்டும் சிந்தாமல் டீ நின்றது.

“எதைண்ணே ஏத்தணும்?” என்றான் லாரிக்காரன்.

“ஒண்ணுமில்ல, நீ கெளம்பு! ஏம்மா, என் டீயை யாரு எறக்குறது?”

பிலோமினா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நோட்டைத் திறந்தாள்.

“நாளை: நான்கு பின்களுக்கும் கிரீஸ் வைக்க வேண்டும்.”